மரம் வளர்க்கும் ஊருக்கு விருது: பாலக்காட்டுத் தெருவில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பாலக்காட்டில் தமிழ் பேசும் வீடுகள் அதிகம் இருக்கிற தெரு எங்களுடையது. போன கோடையில் நடந்த வார்டு சபையில் ஓர் அக்கா எழுந்து, "செடி கொடி வளர்த்ததுக்கு ஹைதராபாத்துக்கு உலக விருது கொடுத்தாங்களாமே, நம்ம ஊருக்கு ஏன் கிடைக்கல?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்று இரவே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு பால் வாங்கப் போகும் இடத்தில், கோயில் வாசலில், பஸ் ஸ்டாப்பில் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அது என்ன விருது? கொடுப்பது யார்?

உலகப் பசுமை நகர விருது என்று பெயர். சர்வதேச தோட்டக்கலை உற்பத்தியாளர்கள் சங்கம் கொடுக்கிறது. 1948-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய சங்கம் அது. பூ, நாற்று, மரக்கன்று வளர்த்து விற்பவர்களின் அமைப்புகள் பல நாடுகளிலிருந்து அதில் சேர்ந்திருக்கின்றன. முதல் விருது விழா 2022 அக்டோபர் 14 அன்று தென்கொரியாவின் ஜேஜு தீவில் நடந்தது. பல்லுயிர், பருவநிலை, உடல்நலம், தண்ணீர், சமூக ஒற்றுமை, பொருளாதார மீட்சி என்று அப்போது ஆறு தலைப்புகள். கடைசித் தலைப்பில் ஹைதராபாத் வென்றது, ஆறையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கும் பெரிய விருதும் அதற்கே போனது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த விருது உண்டு. தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது, நகர நிர்வாகம்தான் போட வேண்டும்.

நாற்று விற்கிறவர்களே விருது கொடுத்தால் அது வியாபாரம் ஆகாதா?

நியாயமான சந்தேகம். நாற்று அதிகம் விற்றால் அவர்களுக்கு லாபம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எத்தனை லட்சம் கன்று நட்டீர்கள் என்பது அங்கே முதல் கேள்வி இல்லை. உங்கள் ஊரில் இருந்த தொல்லை என்ன, வெள்ளமா, வெயிலா, வேலையில்லாமையா, அதைச் செடிகளை வைத்து எப்படித் தீர்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். நம் ஊரிலும் இப்படி யாராவது கேட்டால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹைதராபாத் என்னதான் செய்தது?

நகரத்தைச் சுற்றி ஓடும் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையின் இரு பக்கமும் நடுவிலும் மரமும் புதரும் வளர்த்து, அதை 'தெலங்கானாவுக்குப் பச்சை மாலை' என்ற பெயரில் விருதுக்கு அனுப்பினார்கள். பெரிய வேலை, பாராட்ட வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம். அந்தச் சாலையில் கார்தான் போகும், யாரும் நடந்து போவதில்லை. நமக்கு நிழல் வேண்டியது மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், பள்ளிக்கூட வாசலில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில். அவர்கள் செய்ததை அப்படியே எடுத்து வந்து இங்கே போட முடியாது.

நம்மளவு சின்ன ஊருக்கு வேறு அங்கீகாரம் உண்டா?

உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் அமெரிக்காவின் ஆர்பர் டே அறக்கட்டளையும் சேர்ந்து 'உலகின் மர நகரங்கள்' என்று ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகின்றன. இந்தியாவிலிருந்து முதலில் 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம் பிடித்ததும் ஹைதராபாத்தான். அடுத்த ஆண்டு மும்பையும் சேர்ந்தது.

இதில் போட்டி கிடையாது. ஐந்து விஷயம் செய்திருந்தால் இடம். மரங்களுக்குப் பொறுப்பாக ஓர் ஆளோ குழுவோ இருக்க வேண்டும். மரத்தை வெட்டுவது, காப்பது பற்றி எழுதி வைத்த விதி வேண்டும். ஊரில் என்ன மரம் எங்கே நிற்கிறது என்று கணக்கு வேண்டும். அதற்கென்று ஆண்டு பட்ஜெட்டில் பணம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மக்களைக் கூட்டி மரத்தைக் கொண்டாட வேண்டும்.

ஐந்தில் நான்கு, யார் கண்ணிலும் படாத ஆபீஸ் வேலை. கொண்டாட்டம் கடைசியில்தான் வருகிறது. நம் பக்கம் அந்தக் கடைசி ஒன்று மட்டும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று தவறாமல் நடக்கிறது, முதல் நான்கைப் பற்றிப் பேச்சே இல்லை. பட்டியலில் பெயர் வருகிறதோ இல்லையோ, அந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

வெளிநாட்டில் நிஜமாகவே பலன் கிடைத்த ஊர் ஒன்று சொல்லுங்கள்.

கொலம்பியாவில் மெடெயின். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கிற ஊர், கான்கிரீட் சூட்டில் தவித்தது. 2016-இலிருந்து 2019-க்குள் 18 சாலைகளையும் 12 நீரோடைக் கரைகளையும் எடுத்துக்கொண்டு, மொத்தம் 30 பசுமைப் பாதைகள் போட்டார்கள். பெரிய மரம், அதன் கீழே சின்ன மரம், அதற்கும் கீழே புதர், தரையில் படரும் கொடி என்று அடுக்கடுக்காக வைத்தார்கள். அந்தப் பாதைகளில் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி குறைந்தது. 2019-இல் லண்டனைச் சேர்ந்த ஆஷ்டன் அமைப்பின் விருது கிடைத்தது.

எனக்கு அதில் மனதைத் தொட்டது வேறு. வேலையும் வசதியும் இல்லாத குடும்பங்களிலிருந்து 75 பேரை எடுத்து, ஊரின் தாவரவியல் பூங்காவில் பயிற்சி கொடுத்துத் தோட்டக்காரர்களாக ஆக்கினார்கள். செடியை நட்டுவிட்டுப் போகாமல், அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். கேரளத்தில் அய்யங்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது, குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் அக்காமார்கள் இருக்கிறார்கள். ஆளுக்கும் திட்டத்துக்கும் பஞ்சமில்லை. மரம் பார்ப்பதும் ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு என்று எழுதி வைப்பதுதான் பாக்கி.

பாலக்காட்டு வெயிலுக்கு மரம் தாங்குமா? சும்மா சொல்லுகிறார்களா?

2024 ஏப்ரலில் நம் ஊரில் 41 டிகிரியைத் தாண்டியது, வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற 30, 40 கிலோமீட்டர் இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறோம். கிழக்கிலிருந்து வருகிற வறண்ட காற்று கோயம்புத்தூரையும் வாளையாரையும் தாண்டி நேராக நம் வீட்டுக்குள்தான் வருகிறது.

மரம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று நிழல்: வெயில் தாரிலும் சுவரிலும் விழாமல் இலையிலேயே நின்றுவிடுகிறது. மற்றது, வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும், அது சுற்றியிருக்கிற காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் போகிறது. ஒரு பெரிய மரம் நாளைக்குப் பல பத்து லிட்டர் விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் இதற்கு வேரில் தண்ணீர் இருக்க வேண்டும். மண் காய்ந்துவிட்டால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும், குளிர்ச்சியும் நின்றுவிடும், நிழல் மட்டும் மிஞ்சும். மழைநீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, மரம் நட்டேனே இன்னும் சூடு குறையவில்லையே என்றால் எப்படிக் குறையும்?

என் தெருவில் போதுமான மரம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செசில் கோனைனென்டைக் என்ற நகர்ப்புற மர அறிஞர் 2021-இல் ஓர் எளிய கணக்குச் சொன்னார்: 3, 30, 300. வீட்டு ஜன்னலில் நின்றால் மூன்று மரமாவது கண்ணில் பட வேண்டும். பகுதியின் பரப்பில் 30 சதவீதமாவது மர விதானம், அதாவது மேலே விரிந்து மூடுகிற இலைக்கூரை, இருக்க வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு முன்ஜன்னலில் நின்று பார்த்தேன். எதிர்வீட்டு மாமரம் ஒன்று, மூலையில் நிற்கிற புங்கமரம் ஒன்று. மூன்றாவதைக் காணோம், அந்த இடத்தில் போன ஆண்டுவரை ஒரு பூவரசு இருந்தது. நீங்களும் இன்று உங்கள் ஜன்னலில் நின்று எண்ணிப் பாருங்கள்.

பனையைக் கணக்கில் சேர்ப்பார்களா?

சேர்ப்பது கஷ்டம், அதுதான் எனக்கு இந்த அளவுகோல்கள் மேல் இருக்கிற பெரிய வருத்தம். மேலிருந்து எடுத்த படத்தில் விதானம் அளக்கிறார்கள். பனைக்குத் தலை சின்னது. நம் கரிம்பனை வரப்போரம் நூறு நின்றாலும் படத்தில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஒரு தூங்குமூஞ்சி மரம் அதைவிடப் பச்சையாகத் தெரியும்.

ஆனால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பனையடியில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். காய்ந்து தொங்குகிற மட்டையின் அடியில் பனை உழவாரன் குருவி விர்ரென்று போய் ஒட்டிக்கொள்ளும். அதன் கூடே அந்த ஓலையில் எச்சிலால் ஒட்டியதுதான், வேறு மரத்துக்கு அது எளிதில் போகாது. ஓலை நுனியில் தூக்கணாங்குருவிக் கூடு வரிசையாக ஆடும். பட்டுப்போன பனையின் பொந்தில் கிளி எட்டிப் பார்க்கும். மார்கழிக் காற்றில் குல்மோகர் கிளை முறிந்து ரோட்டில் கிடக்கும்போது பனை சலசலத்துக்கொண்டு நிற்கும். காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகிற மரத்தைச் செங்கல் சூளைக்கு ஒரே நாளில் ஏற்றிவிடுகிறார்கள். வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பனை மாநில மரம், இந்தப் பக்கம் அது நம் ஊரின் முகம். எந்த விருது வந்தாலும் நம் விண்ணப்பத்தின் முதல் வரி பனையாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எப்போது நடலாம்? ஜூன் 5 சரியா?

பாலக்காட்டு நகரத்துக்குச் சரி. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும், கன்று வேர் விட மூன்று நான்கு மாதம் ஈரம் கிடைக்கும். கிழக்கே போகப் போக அந்த மழை மெலிகிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு ஐப்பசி மழைதான் நடவு மழை. ஜூனில் அங்கே நட்டால் காற்று மட்டும்தான் வரும். ஒரே தேதியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை.

சிங்கப்பூரில் இதை அழகாகச் செய்தார்கள். 1963-இல் லீ குவான் யூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1971-இல் மரம் நடும் நாள் என்று ஒன்றை வைத்தபோது, அதை நவம்பரில் வைத்தார்கள், காரணம் அப்போது மழை தொடங்கும், தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். 1975-இல் பூங்கா, மரச் சட்டம் வந்தது. இப்போது அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை இணையப் படத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆண்டுதோறும் நடுகிறோமே, அதெல்லாம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் தெருவில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் தாத்தா. அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மூன்று ஆண்டுக்கு முன்னால் ஒரு விழாவில் எங்கள் சாலையோரம் இருபது கன்று நட்டார்கள். மைக், பேனர், லட்டு எல்லாம் இருந்தது. நட்ட அன்று மழை பெய்தது. கறுப்புப் பாலித்தீன் பையைக் கிழிக்காமலே நான்கு கன்றை இறக்கியிருந்தார்கள், பிறகு பட்டுப்போனதைத் தோண்டியபோதுதான் தெரிந்தது: வேர் பைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு பம்பரக் கயிறு போல இருந்தது. குச்சி கட்டாததால் மார்கழிக் காற்றில் ஆறு சாய்ந்தது. மீதியைப் பங்குனி வெயில் பார்த்துக்கொண்டது. இருபதில் பிழைத்தது மூன்று. மூன்றும் யார் வீட்டு வாசலில் இருந்தன தெரியுமா? குளித்த தண்ணீரை, அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் கொண்டுவந்து ஊற்றிய மூன்று வீட்டு வாசலில்.

அதனால்தான் சொல்லுகிறேன், விருதுக்கு எண்ண வேண்டியது நட்ட கன்றை அல்ல, மூன்று கோடை தாண்டிய மரத்தை. நட்டவரின் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். பங்குனி மாதம் தண்ணீர் ஊற்றியவரின் பெயரை எழுத வேண்டும். அடுத்த வார்டு சபையில் இதைத்தான் கேட்கப் போகிறேன்.

எங்களுக்குப் பலன் கொடுத்த ஒரு வழி: அடியில் சிறு துளை போட்டுத் துணித் திரி செருகிய பழைய மண்குடத்தைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, வாரம் இரண்டு முறை நிரப்பி மூடிவிடுவது. தண்ணீர் வேருக்கே போகிறது, வெயிலுக்குப் போவதில்லை.

நடைபாதையில் டைல்ஸ் போட்ட பிறகு மூலைப் புங்கமரம் வாடுகிறதே?

வாடத்தான் செய்யும். அடிமரத்தை ஒட்டி இன்டர்லாக் பதித்திருக்கிறார்கள். பட்டைக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. மழை பெய்தால் தண்ணீர் அதன்மேல் வழுக்கி ஓடைக்குப் போகிறது, வேருக்கு மூச்சுவிடவும் வழியில்லை. டெல்லியில் 2013-இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. அதன் நகலோடு கவுன்சிலரிடம் மனு கொடுத்து, அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையால் சுற்றிலும் டைல்ஸைப் பெயர்த்தோம். அடியில் எம்-சாண்ட் காய்ந்து பொடியாக இருந்தது. அதை அள்ளிவிட்டு மண்ணும் மக்கிய இலையும் போட்டோம். சித்திரை மழைக்குப் பிறகு கிளை நுனியில் எண்ணெய் தடவியது போல் பளபளவென்று தளிர் வந்தது. மரத்தடியில் தள்ளுவண்டி போடுகிற முறுக்குக்கார அக்காதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டுக் காட்டினார்.

இலை உதிர்ந்து குப்பையாகிறதே, யார் கூட்டுவது?

மரத்தடியிலேயே குவித்துவிடுங்கள். ஈரம் காக்கும், உரமாகும். கொளுத்தாதீர்கள்.

வீட்டு முன்னால் என்ன வைக்கலாம்? மேலே கரண்ட் கம்பி போகிறது.

கம்பிக்குக் கீழே பவழமல்லி, மந்தாரை, கறிவேப்பிலை, செம்பருத்தி. கம்பி இல்லாத பக்கம் புங்கம், வேம்பு, மகிழம், நாவல், பூவரசு. தண்ணீர் ஓடும் ஓடைக்கரைக்கு நீர்மருது. ஆலும் அரசும் தெய்வம்தான், ஆனால் சுவரிலிருந்து தள்ளி, குளக்கரையிலோ மைதானத்திலோ வையுங்கள். சீக்கிரம் வளர்கிறது என்று கோனோகார்பஸ் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், குஜராத் அரசு 2023-இல் அதை நடவே கூடாது என்று தடுத்திருக்கிறது. மரம் வைக்க இடமே இல்லையென்றால் சமையலறைத் தண்ணீர் போகும் இடத்தில் கல்வாழை வையுங்கள், தேங்குகிற தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கிளையை லைன்காரர்கள் ஒட்ட வெட்டிவிடுகிறார்களே?

இதற்கு நம் பக்கம் டச்சிங் வெட்டுவது என்று பேர். கம்பியில் உரசினால் உயிருக்கு ஆபத்து, வெட்டத்தான் வேண்டும். எந்தக் கிளையை எங்கே வெட்டுவது என்று முன்னதாகப் பேசி, ஒருவர் கூட நின்றால் மரம் மொட்டையாகாது. மழைக்காலத்துக்கு முன்னால் தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தைப் பார்த்தால் உடம்பு தேறும் என்பது உண்மையா?

ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவை சிகிச்சை ஆன 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஜன்னல் பக்கத்துக் கட்டிலைக் கேட்டு வாங்கினேன். வெளியே ஒரு சரக்கொன்றை பூத்திருந்தது. அம்மா காலையில் எழுந்ததும் அந்தப் பக்கம்தான் திரும்புவார்.

இங்கேயே, பக்கத்திலேயே அங்கீகாரம் ஏதும் இல்லையா?

கேரள வனத்துறை வனமித்ரா விருது கொடுக்கிறது. தமிழ்நாட்டில் பசுமை முதன்மையாளர் விருது இருக்கிறது. கேரள அரசின் ஹரித கேரளம் மிஷன் நடத்தும் பச்சத்துருத்துத் திட்டத்தில் அரை சென்ட் இடம் இருந்தாலே நம் மண்ணின் மரங்களை அடர்த்தியாக வைக்கலாம். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், அங்கன்வாடி ஓரம் என்று யோசித்தால் அரை சென்ட் கிடைக்காத தெரு இல்லை.

சரி, நான் என்ன செய்ய வேண்டும்?

எங்களோடு சேர்ந்து எண்ண வாருங்கள். தெற்குப் பக்கம் முடிந்தது, 37 மரம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி: பெயர், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு, அடியில் மண்ணா டைல்ஸா, மேலே கம்பி உண்டா, தண்ணீர் ஊற்றுவது யார். வடக்குப் பக்கம் வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு, வெயில் ஏறும் முன்னால். தையல்காரர் டேப்பும் ஒரு சாக்பீசும் கொண்டு வாருங்கள். கூடுவது மூலைப் புங்கமரத்தடியில்.